பைத்தான் கோடிலிருந்தே டாக்குமென்டேஷனை வரவைப்பது எப்படி

பைத்தான் ப்ராஜெக்டுக்கு டாக்குமென்டேஷன் தானாக உருவாக வேண்டும் என்று தேடி வருகிறவர்கள், ஒரு கட்டளை அடித்தால் யாரோ பொறுமையாக உட்கார்ந்து எழுதியதுபோல எல்லாம் வந்து நிற்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். அப்படியெல்லாம் வராது. இந்தக் கருவிகள் செய்வது இரண்டே வேலை. கோடில் ஏற்கெனவே இருக்கிற ஃபங்ஷன் பெயர், ஆர்க்யுமென்ட், டைப் ஹின்ட் (மதிப்பு என்ன வகை என்ற குறிப்பு), டாக்ஸ்ட்ரிங் (கோடுக்குள்ளேயே எழுதிவைக்கிற விளக்கம்) எல்லாவற்றையும் உருவி எடுத்துப் பக்கங்களாக அடுக்குவது ஒன்று. கோட் மாறி ஆவணம் மாறாமல் நின்றுவிட்டால் கத்திச் சொல்வது இன்னொன்று. முதல் வேலையை எல்லோரும் ஒரு மதியத்தில் அமைத்துவிடுகிறார்கள், இரண்டாவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள், ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கங்களை நம்பி யாராவது கோட் எழுதினால் உடைகிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கட்டளைகளையும் அமைப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எதையும் இன்ஸ்டால் செய்வதற்கு முன்னால் கையில் இருப்பதைப் பார்த்துவிடுங்கள். பைடாக் என்ற மாட்யூல் பைத்தானுடனேயே வருகிறது, 2001இல் வந்த 2.1 பதிப்பிலிருந்தே இருக்கிறது. ப்ராஜெக்ட் ஃபோல்டரில் நின்று "பைத்தான் -எம் பைடாக் -பி" என்று அடித்தால் பிரௌசர் திறந்து, அந்தச் சூழலில் உள்ள எல்லா மாட்யூல்களின் ஆவணமும் தெரியும். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் உங்கள் கோடில் எவ்வளவு டாக்ஸ்ட்ரிங் இருக்கிறது, எவ்வளவு வெறும் பெயராக நிற்கிறது என்பது ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். பாதிக்கு மேல் வெறுமையாக இருந்தால் எந்தக் கருவியைப் போட்டாலும் அதே வெறுமைதான் நல்ல தீமோடு வரும்.

டாக்ஸ்ட்ரிங் எப்படி இருக்க வேண்டும்

அடிப்படை விதிகள் பெப் 257 என்ற ஆவணத்தில் இருக்கின்றன: மூன்று இரட்டை மேற்கோளுக்குள், முதல் வரியில் ஒரே வாக்கியத்தில் சுருக்கம், அப்புறம் ஒரு வெற்று வரி, அதன்பின் விவரம். முதல் வரி ஏன் முக்கியம் என்றால், பின்னால் வரும் சுருக்க அட்டவணைகள் எல்லாம் அதை மட்டும்தான் எடுத்துக்கொள்கின்றன. முதல் வாக்கியம் மூன்று வரிக்கு ஓடினால் அட்டவணையும் அப்படியே ஓடும்.

உள்ளே எந்தப் பாணி என்பதில் மூன்று வழக்கங்கள் உண்டு. ரீஸ்ட்ரக்சர்ட்-டெக்ஸ்டின் முக்காற்புள்ளி நிறைந்த பாணி, கூகுள் பாணி, நம்பை பாணி. அறிவியல் கணக்கீட்டு லைப்ரரி என்றால் நம்பை பாணி பழகியதாக இருக்கும், மற்ற எல்லாவற்றுக்கும் கூகுள் பாணியே போதும், கோடில் படிக்கும்போதே கண்ணை உறுத்தாது. எதை எடுத்தாலும் ரெப்போ முழுக்க ஒன்றே இருக்கட்டும்.

ஒரு எடுத்துக்காட்டு. தமிழ்ச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்கிற ஃபங்ஷன் என்று வைத்துக்கொள்வோம். பைத்தானில் ஃபங்ஷன் பெயரையும் தமிழிலேயே வைக்கலாம், பைத்தான் 3 அதை ஏற்றுக்கொள்ளும்.

"""தமிழ்ச் சொல்லை எழுத்துகளாகப் பிரித்துத் தரும்.

யூனிகோட் குறியீடு ஒவ்வொன்றையும் தனியாக எண்ணாது, மெய்யையும் அதன் குறியையும் சேர்த்து ஒரே எழுத்தாகக் கொள்ளும்.

ஆர்க்ஸ்:
    சொல்: பிரிக்க வேண்டிய சொல். வெற்றுச் சொல் கொடுத்தால் வெற்றுப் பட்டியல் வரும்.

ரிட்டர்ன்ஸ்:
    எழுத்துகளின் பட்டியல், சொல்லில் உள்ள வரிசையிலேயே.

ரெய்ஸஸ்:
    டைப்எரர்: சொல்லுக்குப் பதில் பைட்ஸ் கொடுத்தால்.

எக்ஸாம்பிள்ஸ்:
    >>> எழுத்துகளாகப்_பிரி('தமிழ்')
    ['த', 'மி', 'ழ்']
"""

இதில் கவனிக்க வேண்டியது, பெயரைப் பார்த்தே ஊகிக்க முடிந்ததை இது திருப்பிச் சொல்லவில்லை. "சொல்: ஒரு சொல்" என்று எழுதுவதால் யாருக்கும் பயன் இல்லை. வெற்றுச் சொல் வந்தால் என்ன ஆகும், தவறான டைப் வந்தால் என்ன ஆகும், சாதாரண லென் ஃபங்ஷன் 'தமிழ்' என்பதற்கு 5 என்று சொல்லும்போது இது ஏன் மூன்று எழுத்து தருகிறது, இவைதான் படிப்பவருக்கு வேண்டும். டைப்பை டாக்ஸ்ட்ரிங்கில் எழுதவில்லை பாருங்கள். அது ஃபங்ஷனின் டைப் ஹின்டில் இருக்கட்டும், ஆவணத்துக்கு அங்கிருந்து தானாக வரும். இரண்டு இடத்தில் எழுதினால் ஒரு இடத்தில் மாற்ற மறப்பது நிச்சயம்.

சாட்பாட்டிடம் கொடுத்து எல்லா ஃபங்ஷனுக்கும் டாக்ஸ்ட்ரிங் எழுதி வாங்கலாமே என்ற கேள்வி இப்போது உடனே வரும். வாங்கலாம், வடிவத்தை ஒழுங்காகத் தரும், ஆர்க்யுமென்ட் எதையும் பெரும்பாலும் விடாது. ஆனால் கோடில் தெரிகிறதைத்தான் அதுவும் சொல்லும். இந்த டைம்அவுட் ஏன் 30 விநாடி, இந்த ஃபங்ஷனை ஏன் இரண்டு முறை கூப்பிடக்கூடாது என்பதெல்லாம் எழுதியவர் தலையில்தான் இருக்கிறது. வரைவாக எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் படித்துத் திருத்த நேரம் இருந்தால் மட்டும் அந்த வழியில் போங்கள். ஒரே புல் ரிக்வெஸ்டில் நானூறு டாக்ஸ்ட்ரிங்கைக் கொட்டினால் ரிவ்யூ செய்பவர் படிக்கப்போவதில்லை.

எந்தக் கருவி

சின்ன லைப்ரரி, நான்கைந்து மாட்யூல், ஏபிஐ பக்கம் (ஃபங்ஷன், கிளாஸ் விவரம்) மட்டும் போதும் என்றால் பிடாக் (pdoc, மேலே சொன்ன பைடாக் வேறு). இன்ஸ்டால் செய்து, பேக்கேஜ் பெயரைக் கொடுத்தால் லோக்கலில் ஒரு சர்வர் ஓடும், கோடை மாற்றினால் பக்கமும் மாறும். "-ஓ" கொடுத்து ஒரு ஃபோல்டரைச் சொன்னால் எச்டிஎம்எல் கோப்புகளாகப் போட்டுவிடும். அமைப்புக் கோப்பே தேவையில்லை. டாக்ஸ்ட்ரிங்கை மார்க்டவுனாகத்தான் படிக்கும் என்பதால் கூகுள் பாணியில் எழுதியிருந்தால் "--டாக்ஃபார்மேட் கூகுள்" என்று சொல்லிவிடுங்கள். நிறையப் பேருக்கு இதோடு வேலை முடிந்துவிடும், ஸ்பிங்க்ஸ் என்ற பெரிய கருவியின் பக்கம் போய் ஒரு வார இறுதியைத் தொலைக்க வேண்டியதில்லை.

டீம் முழுக்க மார்க்டவுனில்தான் எழுதும், வழிகாட்டிப் பக்கங்களும் நிறைய வேண்டும் என்றால் எம்கேடாக்ஸ், அதோடு எம்கேடாக்ஸ்ட்ரிங்ஸ் என்ற ப்ளகின். மார்க்டவுன் பக்கத்துக்கு நடுவில் மூன்று முக்காற்புள்ளி போட்டு மாட்யூல் பெயரை எழுதினால் அந்த இடத்தில் ஏபிஐ விவரம் வந்து உட்காரும். இதற்குப் பின்னால் கிரிஃப் என்ற லைப்ரரி இருக்கிறது, அது உங்கள் கோடை ஓட்டாமல் படித்தே விவரத்தை எடுக்கிறது. இதன் அருமை கீழே தெரியும்.

பெரிய கோட்பேஸ், பல பதிப்பு, பிடிஎஃப் வேண்டும், பிற லைப்ரரிகளின் ஆவணத்துக்கு இணைப்பு வேண்டும் என்றால் ஸ்பிங்க்ஸ்தான். பைத்தான் மொழியின் சொந்த ஆவணத்துக்காகவே கியோர்க் பிராண்டல் எழுதி 2008இல் வெளியிட்டது இது, அதற்கு முன் பைத்தான் ஆவணம் லேடெக்கில் இருந்தது. பழையதுதான், அமைப்பு கொஞ்சம் முரடுதான், ஆனாலும் மற்றவற்றால் முடியாதது இதில் முடியும். மீதிக் கட்டுரை இதைப் பற்றித்தான்.

ஸ்பிங்க்ஸை அமைப்பது

ஸ்பிங்க்ஸையும் உங்கள் பேக்கேஜையும் ஒரே விர்ச்சுவல் என்விரான்மென்டில் இன்ஸ்டால் செய்யுங்கள். உங்கள் பேக்கேஜுக்கு "பிப் இன்ஸ்டால் -இ ." போதும். இணையத்தில் கிடைக்கிற பழைய வழிகாட்டிகள் ஸ்பிங்க்ஸின் அமைப்புக் கோப்பான கான்ஃப்.பையின் தலையில் சிஸ்.பாத் வரியைச் சேர்க்கச் சொல்லும். அதுவும் ஓடும்தான், ஆனால் ஃபோல்டர் அமைப்பு மாறும்போதெல்லாம் அந்த வரியைத் துரத்த வேண்டியிருக்கும்.

டாக்ஸ் என்று ஒரு ஃபோல்டர் போட்டு, உள்ளே போய் "ஸ்பிங்க்ஸ்-குவிக்ஸ்டார்ட்" அடியுங்கள். ப்ராஜெக்ட் பெயர், ஆசிரியர், பதிப்பு, மொழி என்று கேட்கும், பதில் சொன்னால் கான்ஃப்.பை, இன்டெக்ஸ்.ஆர்எஸ்டி, மேக்ஃபைல் மூன்றும் வந்துவிடும். பிறகு கான்ஃப்.பையில் எக்ஸ்டென்ஷன்ஸ் பட்டியலில் இவற்றைச் சேருங்கள்: டாக்ஸ்ட்ரிங்கை உருவுகிற ஆட்டோடாக், மாட்யூல் வாரியாகப் பக்கம் போடுகிற ஆட்டோசம்மரி, கூகுள் பாணியைப் புரிந்துகொள்கிற நெப்போலியன், சோர்ஸ் கோடுக்கு இணைப்புத் தருகிற வியூகோட், அப்புறம் இன்டர்ஸ்பிங்க்ஸ். எல்லாமே ஸ்பிங்க்ஸோடு வருபவை, தனியாக எதுவும் இறக்க வேண்டாம், பெயருக்கு முன்னால் "ஸ்பிங்க்ஸ்.எக்ஸ்ட்." மட்டும் மறக்காதீர்கள்.

அதே கோப்பில் "ஆட்டோடாக்_டைப்ஹின்ட்ஸ்" மதிப்பை "டிஸ்கிரிப்ஷன்" என்று வையுங்கள். இல்லாவிட்டால் டைப்கள் எல்லாம் ஃபங்ஷன் தலைப்பிலேயே நெருக்கிக்கொண்டு நிற்கும், ஆறு ஆர்க்யுமென்ட் உள்ள ஃபங்ஷனைப் படிக்கவே முடியாது. இதை வைத்தால் ஒவ்வொரு டைப்பும் அந்தந்த ஆர்க்யுமென்ட் விளக்கத்துக்குப் பக்கத்தில் போய்விடும். இன்டர்ஸ்பிங்க்ஸுக்கு டாக்ஸ்.பைத்தான்.ஆர்க் முகவரியைக் கொடுத்துவிட்டால் உங்கள் ஆவணத்தில் வருகிற டிக்ட், பாத் போன்றவை நேராக பைத்தான் ஆவணத்துக்கே இணைப்பாகும்.

மாட்யூல் பக்கங்களை உருவாக்க இரண்டு வழி. "ஸ்பிங்க்ஸ்-ஏபிஐடாக் -ஓ" என்று இலக்கு ஃபோல்டரையும் பேக்கேஜ் ஃபோல்டரையும் கொடுத்தால் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரு ஆர்எஸ்டி கோப்பு எழுதித் தரும். இதில் ஒரு வம்பு: ஏற்கெனவே இருக்கிற கோப்பை அது தொடாது, "-எஃப்" கொடுத்தால்தான் மேலெழுதும். புது மாட்யூல் சேர்த்துவிட்டு ஏன் பக்கத்தில் வரவில்லை என்று தேடுவதற்கு இதுதான் முதல் காரணம். அதனால் எனக்கு ஆட்டோசம்மரிதான் பிடிக்கும். இன்டெக்ஸில் ஆட்டோசம்மரி கட்டளையைப் போட்டு, அதற்குக் கீழே "டாக்ட்ரீ" (பக்கங்களைக் கோத்துவைக்கிற பட்டியல்) என்று ஒரு ஃபோல்டர் பெயரையும் "ரிகர்சிவ்" என்பதையும் சொல்லி, பேக்கேஜ் பெயரை மட்டும் எழுதினால் பில்ட் நேரத்தில் உள்ளே இருக்கிற மாட்யூல் எல்லாவற்றுக்கும் அதுவே பக்கம் போடும். அப்படி வருகிற கோப்புகளை கிட்டில் சேர்க்காதீர்கள், கிட்இக்னோரில் போடுங்கள்.

அடிக்கோட்டில் தொடங்கும் பெயர்கள் ஆவணத்தில் வராது, அது நல்லதுதான். ஆட்டோடாக் இயல்பாக டாக்ஸ்ட்ரிங் இல்லாதவற்றையும் காட்டாது. அவற்றையும் காட்ட "அன்டாக்-மெம்பர்ஸ்" என்று ஒன்று உண்டு, ஆரம்பத்தில் போட்டுப் பாருங்கள், எங்கெல்லாம் ஓட்டை என்று தெரியும். டெகரேட்டர் போட்ட ஃபங்ஷனின் விளக்கம் காணாமல் போனால் அந்த டெகரேட்டருக்குள் ஃபங்க்டூல்ஸ்.ராப்ஸ் இல்லை என்று அர்த்தம், அதைச் சேர்த்தால் பெயரும் டாக்ஸ்ட்ரிங்கும் திரும்பி வரும்.

இம்போர்ட் தொல்லை

ஆட்டோடாக் உங்கள் கோடைப் படிப்பதில்லை, இம்போர்ட் செய்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் வருகிற பிரச்சினைகளில் பெரும்பாலானவை உடனே விளங்கிவிடும். மாட்யூலின் மேல்மட்டத்தில் டேட்டாபேஸுக்கு இணைப்பு எடுக்கிற வரி இருந்தால், ஆவணம் பில்ட் செய்யும்போது டேட்டாபேஸுக்கு இணைப்பு போகும். கமாண்ட்லைன் ஆர்க்யுமென்டைப் படிக்கிற வரி இருந்தால், ஸ்பிங்க்ஸின் ஆர்க்யுமென்டைப் படித்துவிட்டு எரர் போடும், அந்த மாட்யூலின் இம்போர்ட் தோற்று அதன் விவரம் பக்கத்தில் வராது. கோப்பை அழிக்கிற ஸ்கிரிப்ட் என்றால், சொல்ல வேண்டாம், அழியும். இப்படி ஓடக்கூடியவை எல்லாம் ஃபங்ஷனுக்குள் போக வேண்டும், ஸ்கிரிப்டை ஆரம்பிக்கும் வரி "__நேம்__ == '__மெயின்__'" நிபந்தனைக்குக் கீழே போக வேண்டும். ஆவணத்துக்காக மட்டும் இல்லை, டெஸ்ட் எழுதவும் இதே ஒழுங்கு தேவைப்படும்.

இரண்டாவது தொல்லை, கனமான சார்புகள், அதாவது உங்கள் கோட் நம்பியிருக்கிற வெளி லைப்ரரிகள். உங்கள் கோட் பைடார்ச்சை இம்போர்ட் செய்கிறது, ஆவணம் பில்ட் ஆகிற சர்வரில் அது இல்லை என்றால் பக்கமே காலியாக வரும். அதுவும் ஒரு வார்னிங்கை மட்டும் போட்டுவிட்டு மற்ற பக்கங்களோடு பில்ட் முடிந்ததாகச் சொல்லிவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். கான்ஃப்.பையில் "ஆட்டோடாக்_மாக்_இம்போர்ட்ஸ்" பட்டியலில் அந்தப் பேக்கேஜ் பெயரைச் சேர்த்தால், ஸ்பிங்க்ஸ் அதற்குப் பதில் ஒரு பொம்மையை வைத்து இம்போர்டைக் கடத்திவிடும். இதற்கும் எல்லை உண்டு. மாட்யூல் மேல்மட்டத்தில் அந்த லைப்ரரியின் பதிப்பு எண்ணை ஒப்பிடுகிற வரி இருந்தால் பொம்மையை எதோடும் ஒப்பிட முடியாமல் டைப்எரர் வரும், பொம்மைக் கிளாஸிலிருந்து பிறக்கிற உங்கள் கிளாஸ்கள் பக்கத்தில் விநோதமாகத் தெரியும். சின்ன சார்பு என்றால் மாக் செய்யாமல் இன்ஸ்டால் செய்துவிடுவதே நிம்மதி.

இம்போர்டே செய்ய முடியாத கோட் என்று சில உண்டு, பழைய கோட், வன்பொருளோடு ஒட்டியது, பத்து வருடமாக யாரும் தொடாதது. அதற்கு ஸ்பிங்க்ஸ்-ஆட்டோஏபிஐ என்ற தனி எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. கிரிஃப் போலவே இதுவும் சோர்ஸை ஓட்டாமல் படிக்கும். ஓடும்போது உருவாகிற பண்புகள் இதில் தெரியாமல் போகலாம், அது ஒன்றுதான் நஷ்டம்.

வார்னிங்கை எரராக்குவது

இப்போது "மேக் எச்டிஎம்எல்" அடித்தால் பக்கங்கள் வந்துவிடும், கூடவே ஒரு திரை நிறைய வார்னிங்கும். "எதிர்பாராத இன்டென்டேஷன்" என்கிற ரகம் பெரும்பாலும் டாக்ஸ்ட்ரிங்கில் பட்டியலுக்கு முன்னோ பின்னோ வெற்று வரி இல்லாததால் வருவது. பின்சாய்வுக் கோடு உள்ள டாக்ஸ்ட்ரிங்குக்கு முன்னால் "ஆர்" எழுத்தைச் சேருங்கள். "எந்த டாக்ட்ரீயிலும் இல்லை" என்று வந்தால் அந்தப் பக்கத்தை இன்டெக்ஸிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. எல்லாவற்றையும் ஒருமுறை உட்கார்ந்து தீர்த்துவிடுங்கள், பிறகு "ஸ்பிங்க்ஸ்-பில்ட்" கட்டளைக்கு "-டபிள்யூ" (பெரிய எழுத்து) கொடுங்கள். அன்றிலிருந்து ஒரு வார்னிங் வந்தாலும் பில்ட் தோற்கும். இதை கிட்ஹப் ஆக்ஷன்ஸில் ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டுக்கும் ஓடும்படி வைத்துவிட்டால் உடைந்த பக்கம் மெயின் கிளைக்கு வராது.

ஆனால் ஸ்பிங்க்ஸுக்கு வடிவம்தான் தெரியும், உண்மை தெரியாது. ஃபங்ஷனில் ஆர்க்யுமென்ட் பெயர் மாறி டாக்ஸ்ட்ரிங்கில் பழைய பெயர் இருந்தால் அது பேசாமல் இருக்கும். அதைப் பிடிக்க, கோடை ஓட்டாமலே பிழை தேடுகிற (லின்டிங்) ரஃப் என்ற கருவி வேண்டும். ஏற்கெனவே லின்டிங்குக்கு ரஃப் ஓடுகிறது என்றால் அதில் "டி" என்று தொடங்கும் விதிகளை இயக்கி, பாணி கூகுள் என்று பைப்ராஜெக்ட்.டாமலில் சொல்லுங்கள். டி103 டாக்ஸ்ட்ரிங் இல்லாத ஃபங்ஷனைச் சொல்லும், டி417 விளக்கம் இல்லாத ஆர்க்யுமென்டைச் சொல்லும். நீக்கப்பட்ட ஆர்க்யுமென்ட் டாக்ஸ்ட்ரிங்கில் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதை டி417 பிடிக்காது, அதற்கு பைடாக்லின்ட் என்று ஒன்று இருக்கிறது, இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பார்க்கும். பழைய கோட்பேஸில் எல்லா விதியையும் ஒரே நாளில் இயக்கினால் ஆயிரக்கணக்கில் எரர் வந்து டீமே உங்களைத் திட்டும். இன்டர்ரோகேட் என்ற கருவி எத்தனை சதவீதம் டாக்ஸ்ட்ரிங் இருக்கிறது என்று எண்ணிச் சொல்லும், இன்றைய சதவீதத்தையே கீழ் வரம்பாக வைத்து அதற்குக் கீழே போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு மெல்ல ஏற்றலாம்.

எடுத்துக்காட்டுகளுக்கு டாக்டெஸ்ட். மேலே '>>>' போட்டு எழுதினோமே, அந்த வரிகளை அது ஓட்டி, விடை சொன்னபடி வருகிறதா என்று பார்க்கும். பைடெஸ்ட் பயன்படுத்துகிறவர்கள் "--டாக்டெஸ்ட்-மாட்யூல்ஸ்" சேர்த்தால் போதும். டாக்ஸ்ட்ரிங்கில் இருக்கிற வேறு எந்த வாக்கியத்தையும் இயந்திரம் சரிபார்க்க முடியாது, எடுத்துக்காட்டை மட்டும்தான் முடியும். அதனால் குழப்பமான நடத்தை எதுவாக இருந்தாலும் மூன்று வாக்கியத்தில் விளக்குவதைவிட ஒரு '>>>' வரியாக எழுதிவிடுங்கள்.

வெளியிடுவது

திறந்த மூல ப்ராஜெக்ட் என்றால் ஆவணங்களை வெளியிடுகிற ரீட் த டாக்ஸ் தளம் எளிது. ரெப்போவின் வேரில் .ரீட்தடாக்ஸ்.யாமல் என்ற கோப்பு கட்டாயம், அதில் பைத்தான் பதிப்பு, கான்ஃப்.பை இருக்கும் இடம், இன்ஸ்டால் செய்ய வேண்டியவை மூன்றையும் எழுதுங்கள், "ஃபெயில்_ஆன்_வார்னிங்" என்பதையும் ட்ரூ என்று வையுங்கள். கிட் டேக் ஒவ்வொன்றையும் தனிப் பதிப்பாக வைத்துக்கொள்ள முடிவது இதன் பெரிய வசதி. கிட்ஹப் பேஜஸில் போடுவதானால், அடிக்கோட்டில் தொடங்கும் ஃபோல்டர்களை அங்கே ஓடுகிற ஜெக்கில் என்ற கருவி விட்டுவிடும், ஸ்பிங்க்ஸின் சிஎஸ்எஸ் எல்லாம் அப்படிப்பட்ட ஃபோல்டரில்தான் இருக்கிறது. பக்கம் மொட்டையாக வந்தால் காரணம் அதுதான். கிட்ஹப்பேஜஸ் என்ற எக்ஸ்டென்ஷனை கான்ஃப்.பையில் சேர்த்தால் அதைத் தடுக்கிற .நோஜெக்கில் கோப்பைத் தானே போட்டுவிடும்.

டாக்ஸ்ட்ரிங்கைத் தமிழில் எழுதுகிறவர்களுக்கு இரண்டு விஷயம். எச்டிஎம்எல் பக்கத்தில் தமிழ் நன்றாகவே வரும், ஆனால் ஆர்க்ஸ், ரிட்டர்ன்ஸ் போன்ற தலைப்புகள் ஆங்கிலத்திலேயே இருக்க வேண்டும், இல்லையென்றால் நெப்போலியன் அவற்றைச் சாதாரணப் பத்தியாக விட்டுவிடும். பிடிஎஃப் எடுக்கும்போது இயல்பாக ஓடுகிற பிடிஎஃப்லேடெக் தமிழைத் தாங்காது, "லேடெக்_எஞ்சின்" மதிப்பை சீலேடெக் அல்லது லுவாலேடெக் என்று மாற்றி, நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஒரு எழுத்துருவைக் குறிப்பிடுங்கள். தேடல் பெட்டியை மட்டும் ரொம்ப நம்ப வேண்டாம். சொற்களைப் பிரிக்க ஸ்பிங்க்ஸ் பயன்படுத்துகிற பைத்தான் ரெகெக்ஸ் உயிர்க்குறியையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணுவதில்லை, 'தமிழ்' என்பது 'தம', 'ழ' என்று உடைந்துதான் தேடல் பட்டியலுக்குப் போகும்.